வெள்ளிப் பேயும் வெயில் நாடும்

குளிர் நாட்டிற் பிறந்த பொருள் எதுவாயினும், வெயில் நாட்டிற்கு வந்து சேரும்பொழுது அதற்கு ஒரு சோதனை உண்டு. கம்பளிச் சட்டைக்கும் உண்டு, வெண்ணெய்க்கும் உண்டு, மோட்டார் வண்டிக்கும் உண்டு. முதலிரண்டின் கதி யாவரும் அறிந்ததே. மூன்றாவதன் கதையையே யாம் ஈண்டு எழுதப் புகுந்தோம். தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் இலக்கணம் பயில்வோர்க்கு மோட்டார் வண்டியோடு என்ன உறவு என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். உறவு உண்டென்பதை இடையிற் சொல்லுவோம். நகைப்போர் அதுகாறும் பொறுத்தருள்க.

1906-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனியார் 40/50 குதிரைத்திறன் என்னும் பெயரால் ஒரு வண்டியை வெளியிட்டனர். ஆறு சிலிண்டர், 7,036 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, அவ்வளவு பெரிய எஞ்சினாயினும் ஓசை மிகச் சிறிது. 1907-இல் வெள்ளி நிறம் தீட்டப்பெற்ற ஒரு வண்டிக்கு 'சில்வர் கோஸ்ட்' என்று பெயரிட்டனர். வெள்ளிப் பேய் என்பது அதன் பொருள். அரவமின்றி வந்து நிற்பதால் இட்ட பெயராம். நம் நாட்டுப் பேய்கள் சலங்கை ஒலியோடன்றி வருவதில்லை என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். ஆகவே இஃது அந்நாட்டுப் பேய்க்கே பொருந்தும் உவமை போலும். அவ்வாண்டிலேயே அவ்வண்டி 15,000 மைல் சோதனை ஓட்டம் ஓடி, அவிழ்த்துப் பார்த்தபோது தேய்மானம் சிறிதே என்று நிறுவி, உலகப் புகழ் எய்தியது.

ஆனால் அந்த 15,000 மைலும் குளிர் நாட்டு மைல்கள். எதிரே வீசும் ஸ்காட்லாந்துக் காற்றொன்றே எஞ்சினுக்கு விசிறியாய் உதவியிருக்கும்.

1908-இல் 'கிழக்கின் முத்து' எனப் பொருள்படும் பெயர் பூண்ட மற்றொரு வண்டி இந்தியாவிற்குக் கொண்டுவரப் பெற்றது. பம்பாயிலிருந்து கோலாப்பூர் வரை நிகழ்ந்த போட்டியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்களை ஏறியிறங்கி 620 மைல் ஓடிப் பரிசு பெற்றது. குவாலியர் மகாராஜா அதனை விலைக்கு வாங்கினார். 1911-ஆம் ஆண்டு டில்லி தர்பாருக்கென்று இந்திய அரசாங்கத்தார் எட்டு ரோல்ஸ்-ராய்ஸ் வண்டிகளை வருவித்தனர். பின்னர்ச் சமஸ்தானாதிபதிகள் பலரையும் அவ்வாசை பற்றிக்கொண்டது. ஹைதராபாத்து நிஜாம் மஞ்சள் நிற வண்டியொன்றில் சிங்காதனமே அமைக்கச் சொன்னார்; அது வந்து சேருமுன் அவர் 1911-இல் இறந்துபோனார்.

இவையெல்லாம் புகழ்க் கதைகள். ஒருமுறை ஓடிப் பரிசு பெறுதல் வேறு. சித்திரை வைகாசியில் நாடோறும் ஓடுதல் வேறு. இரண்டாவதற்கு வண்டியில் என்னென்ன மாற்றம் செய்ய வேண்டியிருந்தது என்பதே எம் ஆராய்ச்சி.

முதற்கண் தண்ணீர். எஞ்சினுள் எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறும். பழைய எஞ்சின்களில் அதனினுங் குறைவு. எஞ்சிய வெப்பத்தில் ஒரு பகுதி புகைக்குழல் வழியே போம். மற்றொரு பெரும்பகுதியை எஞ்சினைச் சூழ்ந்தோடும் தண்ணீர் வாங்கி, வண்டியின் முகத்திலுள்ள ரேடியேட்டரில் காற்றுக்கு ஒப்புவிக்கும். ஒப்புவிக்கும் விரைவோ தண்ணீரின் வெப்பத்திற்கும் காற்றின் வெப்பத்திற்கும் உள்ள வேற்றுமையைப் பொறுத்தது. தண்ணீர் 90 பாகையில் நிற்க, லண்டன் காற்று 20 பாகையாயின் வேற்றுமை 70. நம் அக்கினி நட்சத்திரத்தில் காற்று 42 பாகையாயின் வேற்றுமை 48. அதாவது, அதே ரேடியேட்டர் கப்பலிலிருந்து இறங்கியவுடனே, யாரும் திருடாமலே, தன் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடுகின்றது. பின்னிருந்து காற்று வீசினாலோ துன்பம் இரட்டிக்கும். வண்டி செல்லும் வேகமும் காற்றின் வேகமும் ஒன்றாகிவிட்டால், ரேடியேட்டர்க்குப் புயற்காற்றின் நடுவிலும் காற்றில்லை.

ஆகவே வெளிநாட்டிற்கு அனுப்பும் வண்டிகளுக்குப் பெரிய ரேடியேட்டரும், மிகுதியாகக் காற்றை இழுக்கும் விசிறியும், எஞ்சின் மூடியின் பக்கங்களிற் காற்றுக் கண்களும் அமைத்தனர். ரேடியேட்டர் என்னும் உறுப்பே அப்பொழுதுதான் உருப்பெற்று வந்தது. 1901-இல் வில்ஹெல்ம் மேபாக் என்னும் ஜெர்மானியர் மெர்சிடிஸ் வண்டிக்குத் தேன்கூடு போன்ற ஒன்றை அமைத்தார். பக்கத்திற்கு 6 மில்லிமீட்டர் அளவுள்ள 8,070 சிறு குழல்களை அடுக்கி ஒட்டிய வேலை அது. அவற்றினூடே காற்றும், இடுக்குகளிலே தண்ணீரும் ஓடும். தேனீக்கள் கூடு கட்டுவது தேனைக் காக்க. இவர் கட்டியது வெப்பத்தைப் போக்க.

இவ்விடத்தில் ஒரு சிறு வழக்கைச் சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. எம் வகுப்பு நண்பரொருவர் ரேடியேட்டர்க்குத் தமிழ்ச்சொல் ஆக்க முயன்று 'கதிர்வீசி' என்றார். மூலச்சொல்லின் பொருளை நோக்கினால் அவர் சொன்னது சரியே. ஆனால் மூலச்சொல்லே பிழை. மோட்டார் வண்டியின் ரேடியேட்டர் கதிர் வீசித் தன் வெப்பத்தை இழப்பது மிகச் சிறிது. தன்னைத் தீண்டிச் செல்லும் காற்றிடம் கொடுத்தே இழக்கின்றது. ஆங்கிலேயர் இட்ட பெயரின் பிழையையும் சேர்த்து மொழிபெயர்த்துப் பேணுவானேன்? எம் பாட்டனார் அதனைத் 'தண்ணித்தொட்டி' என்பார். அதிற் பிழையில்லை. பேராசிரியர் இதனை ஏற்றுக்கொண்டாரில்லை, மறுத்தாருமில்லை, புன்முறுவல் பூத்தார்.

பாட்டனார் பெயர் வந்துவிட்டமையின், வாக்களித்த உறவை இங்கேயே சொல்லிவிடுவோம். எம் பாட்டனாரின் தந்தையார் நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்து மானேஜரின் வண்டியோட்டி. அவ்வண்டி சீமையிலிருந்து வந்தது, விலை மிகுந்தது, செய்தோர் பெயர் இங்கு வேண்டா. 1953 அளவில், எட்டு வயதுச் சிறுவராயிருந்த எம் பாட்டனார், பள்ளி விடுமுறை நாள்களில் முன்னிருக்கையில் தந்தையார் பக்கத்தே அமர்ந்து மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்க்கு ஏறியிருக்கின்றார். உட்காரும் உரிமைக்கு விலை, காலடியில் இரண்டு தண்ணீர் டின்களைக் கவிழாமற் பிடித்துக்கொள்ளுதல். பிற்காலத்தில் அவரே மேட்டுப்பாளையத்தில் ஒரு பட்டறை வைத்து ஐம்பதாண்டுகட்கு மேல் நடத்தினார். இப்பொழுது அவர்க்கு எண்பது வயது. செவிப்புலன் குன்றிவிட்டது. நினைவும் சில நாள் தெளிந்தும் சில நாள் கலங்கியும் வருகின்றது. பட்டறை நின்ற இடம் கைமாறிவிட்டது. இவ்வாண்டு வைகாசிக்குள் காலி செய்து கொடுத்தல் வேண்டும். சென்ற விடுமுறையில் யாம் ஒரு குறிப்புப் புத்தகத்தோடு அவர் அருகில் அமர்ந்தோம். சங்கச் செய்யுட்கு உரை காணப் பல பெரியோர் உளர். அப்பட்டறைச் சொற்களுக்கு உரைகாரர் அவர் ஒருவரே.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 325 மீட்டர். குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர். இடையே கல்லாறும் பர்லியாறும் கொண்டையூசி வளைவுகளும். அடிவாரத்தில் வெயில் வருத்தும். மேலே செல்லச் செல்லக் காற்றுக் குளிரும். குளிரக் குளிர எஞ்சினுக்கு இதமாகுமே என்று நினைப்போம். பாதி உண்மை. உயரம் மிக மிகத் தண்ணீரின் கொதிநிலை தாழும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு பாகை. குன்னூரில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். உதகமண்டலத்தில் 93-க்கும் கீழே. காற்றும் மெலிந்துவிடுவதால் எஞ்சினின் வலியும் குறையும். வண்டியோ மெல்லத்தான் ஊரும். எஞ்சினோ முழுமூச்சாய் உழைக்கும். "வண்டிக்கு மூச்சு வாங்குது கண்ணு, நிறுத்தோணும்" என்று தம் தந்தையார் சொல்வதைப் பாட்டனார் அப்படியே சொல்லிக் காட்டினார். அச்சொல்லைப் பௌதிக நூலாரும் மறுக்க மாட்டார்.

நிறுத்தியபின் செய்யும் முறையை அவர் வேதபாடம் போல் ஒப்பித்தார். எஞ்சினை உடனே அணைத்துவிடலாகாது. சிறிது நேரம் மெல்ல ஓடவிட வேண்டும். மூடியை வெறுங்கையால் தொடலாகாது. ஈரச் சாக்கை மடித்துப் போட்டு, முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு, கால் திருகு திருகி ஆவியை விட வேண்டும். தண்ணீரைக் கொட்டலாகாது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கவே சிறிது சிறிதாக வார்க்க வேண்டும். காய்ந்த வார்ப்பிரும்பின்மேற் குளிர்ந்த நீர் ஒருங்கே பட்டால் இரும்பு விண்டுவிடும். ஊர்க் கிணற்று நீரினும் மலையோடை நீரே நல்லது. கிணற்று நீரிலுள்ள உப்பு குழல்களிற் படிந்து, சோற்றுப் பானையின் அடிபோல் ஏடு கட்டிவிடும். அவ்வேட்டைக் கரைக்க அவர் தந்தையார் புளிக்கரைசல் ஊற்றுவாராம். தொட்டியிற் சிறு ஒழுக்கு உண்டானால் ஒரு கைப்பிடி மஞ்சள்தூள்! தூள் தண்ணீரோடு சுழன்று சென்று ஓட்டையில் அடைத்துக்கொள்ளும். அடுக்களையிலிருந்து இவ்வளவு மருத்துவம் அவ்வண்டிக்கு நடந்தது, அதனைச் செய்த கம்பெனியாருக்கு எட்டியிராது.

நிற்க. கம்பெனியார்க்கும் மலை பாடம் கற்பித்ததுண்டு. 1912-இல் ஜேம்ஸ் ராட்லி என்பவர் தம் சில்வர் கோஸ்ட் வண்டியை ஆல்ப்ஸ் மலைப் போட்டிக்குக் கொண்டுபோனார். கட்ஸ்பெர்க் கணவாயின் செங்குத்தான ஏற்றத்தில் அது ஏற மாட்டாது நின்றுவிட்டது. அதற்கு மூன்று கியர்களே. மிகத் தாழ்ந்த கியர் இல்லை. அவமானம் பொறாத கம்பெனியார் அடுத்த ஆண்டே நான்கு கியர்களும், மேம்பட்ட குளிர்ச்சியேற்பாடும் உடைய வண்டிகளை அதே ஆல்ப்ஸுக்கு அனுப்பி மானத்தை மீட்டனர். பணம் கொடுத்தவன் ஊரில் நிகழ்ந்த தோல்விக்குத்தான் மருந்து விரைவில் வருகின்றது என்பது எம் துணிபு. கல்லாற்று ஏற்றத்தில் நின்ற வண்டிகளைப்பற்றி யாரும் மான்செஸ்டருக்கோ டார்பிக்கோ தந்தி கொடுத்திரார்.

அடுத்தது பெட்ரோல். தண்ணீர் கொதிப்பது கண்ணுக்குத் தெரியும். பெட்ரோல் கொதிப்பது தெரியாது. கடும் வெயிலில், எஞ்சினுக்கு அருகே செல்லும் மெல்லிய குழலில் பெட்ரோல் ஆவியாகி, குமிழாகத் தங்கி, பின்வரும் பெட்ரோலை வரவொட்டாது தடுக்கும். வண்டி யாதொரு காரணமுமின்றி நின்றுவிட்டதாகத் தோன்றும். இதனைப் பட்டறையில் 'ஏர்லாக்' என்பர். உண்மையில் அஃது ஏர் அன்று, ஆவி. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. குழலை எஞ்சினின் சூட்டினின்றும் விலக்கி அமைப்பது ஒரு வழி. பெட்ரோலைப் பின்புறத் தொட்டியிலிருந்து காற்றழுத்தத்தால் தள்ளுவது மற்றொரு வழி; சில்வர் கோஸ்ட் வண்டியில் அவ்வழியே கையாளப் பெற்றது. நம் வண்டியோட்டிகளின் வழி, பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றுதல். மண்பானைத் தண்ணீர் குளிர்வது எதனாலோ அதனாலேயே இதுவுங் குளிரும். எம் பாட்டனார் சட்டைப்பையில் அதற்கென்றே ஒரு துணி கிடக்குமாம். முகம் துடைப்பதற்கும் அதுவே.

இனி மரம். ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனியார் அக்காலத்தில் எஞ்சினும் சட்டமும் சக்கரமுமே செய்து விற்றனர். மேலே அமரும் கூட்டை வாங்குவோர் தாம் விரும்பிய வண்டித் தச்சரிடம் செய்வித்துக்கொள்வர். சென்னையிலும் அத்தகைய தச்சுப் பட்டறைகள் இருந்தன. 1840-இல் தொடங்கிய சிம்ப்சன் கம்பெனியார் முதலிற் குதிரை வண்டிகளும் பின்னர் மோட்டார் வண்டிக் கூடுகளும் செய்தனர். இங்கிலாந்துத் தச்சர் கூட்டின் சட்டங்களுக்கு ஆஷ் என்னும் மரத்தைக் கொள்வர். வளைந்து கொடுக்கும் நல்ல மரந்தான். ஆனால் நம் கோடையில் உலர்ந்து சுருங்கும். மழைக்காலத்தில் ஊறிப் புடைக்கும். இரண்டிற்கும் தப்பினால் கறையான் காத்திருக்கும். மூட்டுக்களை ஒட்டிய வச்சிரப் பசையோ ஈரத்தில் இளகிவிடும். கதவு ஆடியில் ஒரு விதமாகவும் மாசியில் வேறு விதமாகவும் சாத்தும். ஆகவே வெயில் நாட்டிற்கென்று தேக்கு மரத்தைக் கொண்டும், பசையை நம்பாது திருகாணியும் இரும்பு மூலைப்பட்டையும் முடுக்கியும் செய்வது நலமென்று கண்டனர். தேக்கின் எண்ணெய்ப்பசை ஈரத்தையும் செல்லையும் அணுகவிடாது. இதனை நம் தச்சர்க்கு எந்தச் சீமைத் தச்சரும் கற்பிக்க வேண்டியிருந்ததில்லை.

சக்கரம் இதனினும் வேடிக்கையானது. முதற்கால மோட்டார் வண்டிகளுக்கு மர ஆரங்கள். வறண்ட வெப்பத்தில் ஆரங்கள் சுருங்கிக் குடத்தில் ஆடத் தொடங்கும். ஓட ஓடக் கிறீச்சிடும். நம் கட்டை வண்டிக்காரர் சித்திரை மாதத்தில் வண்டியை ஏன் குளத்திலும் வாய்க்காலிலும் இறக்கி நிறுத்துகின்றார்? மரம் ஊறினால் இரும்புப் பட்டா இறுகும். அதே வைத்தியத்தைத்தான் ஆயிரக்கணக்கான பவுன் விலையுள்ள வண்டிக்கும் செய்தனர். பின்னர்க் கம்பி ஆரச் சக்கரங்களும் எஃகுச் சக்கரங்களும் வந்து இத்தொல்லை தீர்ந்தது.

எஞ்சினிற் பொறி உண்டாக்கும் காந்தக் கருவியின் கம்பிச் சுருள்களுக்கு அக்காலத்தில் அரக்கு மெழுகுவது வழக்கம். அரக்கு விளைவது பெரும்பாலும் நம் நாட்டிலேயே. சோட்டா நாகபுரிக் காடுகளில் மரக்கிளைகளிற் பூச்சிகள் உண்டாக்குவது. அது கப்பலேறி மேல்நாடு சென்று, கம்பிச் சுருளின்மேல் மெழுகப்பெற்று, வண்டியோடு நம் நாட்டிற்கே திரும்பி வந்து, இங்குள்ள வெப்பத்தில் எஞ்சினின் வெப்பமுஞ் சேர இளகி, வண்டியை நடுவழியில் நிறுத்திவிடும்! அரக்கு மாளிகையின் கதையைப் பாரதத்திற் படித்த நாட்டார்க்கு இதில் வியப்பில்லை. சூட்டிற்கும் ஈரத்திற்கும் அஞ்சாத வேறு காப்புப் பொருள்கள் வந்த பின்னரே இத்துன்பம் நீங்கிற்று.

வண்ணமும் அவ்வாறே. தூரிகையால் அடுக்கடுக்காகப் பூசி, ஒவ்வோர் அடுக்கையும் உலர்த்தித் தேய்த்து, வாரக்கணக்கில் முடித்த வார்னிஷ் பூச்சு நம் வெயிலிற் கொப்புளித்து வெடிக்கும். இதற்கு அஞ்சிய அரசர் சிலர் வண்ணமே வேண்டாவென்று, அலுமினியத் தகட்டைக் கண்ணாடிபோல் துலக்கி அப்படியே விடச் செய்தனர். பகட்டென்று பிறர் நினைப்பர், பயனும் உண்டு. துலக்கிய உலோகம் வெயிலைத் திருப்பியனுப்பும். கறுப்பு வண்ணம் உண்டுவிடும். அதனைத் தினந்தோறும் துலக்கிய கைகளைப்பற்றி மட்டும் வரலாற்றில் ஒரு வரியும் காணோம்.

அரசர்கள் கேட்ட மாற்றங்கள் எல்லாம் வெயிலுக்காக என்று எண்ணற்க. 1910-இல் கல்கத்தாவில் ராபர்ட் நிக்கல் மாத்யூசன் என்னும் செல்வர், இங்கிலாந்தின் புரூக் கம்பெனியாரைக் கொண்டு அன்னப்பறவை வடிவில் ஒரு வண்டி செய்வித்தார். அலகிலிருந்து வெந்நீர் பீறிட்டடித்து வழிநிற்போரை விலக்குமாம். கொதிநீரை அடக்கப் பிறர் படாத பாடுபட, இவர் அதனை வேண்டி வெளியே விட்டார். அவ்வன்னம் பின்னர் நாபா மகாராஜாவிடம் சென்று, இப்பொழுது ஹாலந்தின் ஹேக் நகரத்து லௌமன் காட்சிச்சாலையில் இருக்கின்றது. கோட்டா மகாராஜா 1925-இல் ஒரு ரோல்ஸ்-ராய்ஸ் வண்டியைப் புலிவேட்டைக்கென்று தேடு விளக்குகளோடும் துப்பாக்கிகளோடும் அமைப்பித்தார். கோஷா மாதர்க்கென்று திரையிட்ட வண்டிகளும் பல இருந்தன. அவற்றினுள் அமர்ந்தோர் அடைந்த புழுக்கத்தை நினைத்தால், எஞ்சினுக்குக் காட்டிய பரிவிற் கால்பங்கு அவர்க்குக் காட்டினாரில்லையே என்று வருந்துகின்றோம்.

இங்கிலாந்துக் கம்பெனிகள் பல, 'கொலோனியல்' என்னும் அடைமொழியிட்டு, தரைக்கு மேல் உயர்த்திய சட்டமும் பெரிய ரேடியேட்டரும் வலிய விற்களும் உடைய வண்டிகளை விற்றன. ஆயினும் சந்தையைப் பிடித்தவை அமெரிக்க வண்டிகளே. அதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தில் மோட்டார் வரி சிலிண்டரின் குறுக்களவை மட்டும் கணக்கிட்டு விதிக்கப்பெற்றது. ஆகவே ஆங்கிலேயர் பலர் ஒடுங்கிய சிலிண்டருடைய சிற்றெஞ்சின்களையே செய்தனர். மண்பாதையும் தொலைதூரமும் உடைய அமெரிக்காவிற் பிறந்த வண்டிகளோ இயல்பாகவே நம் பாதைக்குப் பொருந்தின. 1928-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் பம்பாயிலேயே வண்டிகளைப் பொருத்தத் தொடங்கிவிட்டனர். தன் வீட்டு வரிக்கென்று தைத்த சட்டை அயலூரிற் செல்லுபடியாகவில்லை.

கொதிப்பை வென்ற மிக அழகிய ஏற்பாடும் விலையுயர்ந்த வண்டியில் உண்டானதன்று. எகிப்தின் பாலைவனத்தில் 1929 முதற்கொண்டு ஃபோர்டு வண்டிகளில் நெடும்பயணஞ் செய்த ரால்ஃப் பாக்னால்ட் என்னும் படைத்தலைவர், ரேடியேட்டரின் மேற்குழலை வெளியே திறந்துவிடாது, பக்கத்திற் கட்டிய, பாதி நீருள்ள ஒரு டின்னுக்குள் செலுத்தினார். ஆவி அந்நீரிற் புகுந்து குளிர்ந்து நீராகும். எஞ்சின் ஆறியதும் அந்நீர் முழுதும் ரேடியேட்டருக்குள்ளேயே மீண்டும் இழுக்கப்படும். ஒரு துளியும் வீணாகாது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது கொண்டுபோகும் வெப்பம், ஐந்து லிட்டருக்கு மேற்பட்ட நீரைப் பனிக்கட்டியின் குளிரிலிருந்து கொதிநிலை வரை ஏற்றப் போதுமானது. ஆகவே கொதித்தல் பகையன்று. கொதித்ததை இழப்பதே பகை என்று அவர் கண்டார். இக்காலத்து வண்டிகளிலும் ரேடியேட்டரின் அருகே ஒரு சிறு நெகிழிக் குப்பி இருப்பதை யாவரும் காணலாம். அஃது அவ்வேற்பாட்டிற்கு உறவுடையதே. மூடியையும் அழுத்தந் தாங்குவதாகச் செய்துவிட்டமையால், இப்பொழுது தண்ணீர் 120 பாகை வரையிலுங்கூடக் கொதியாமல் நிற்கின்றது. மலையுச்சியும் அதனை ஏமாற்றவியலாது.

வண்டியைக் குளிர்வித்தபின் மனிதரைக் குளிர்விக்கும் எண்ணம் பிறந்தது. நம் முன்னோர் கோடையில் வாயிலிலும் பலகணியிலும் வெட்டிவேர்த் தட்டி கட்டி நீர் தெளித்தனர். அமெரிக்காவின் வறண்ட மாநிலங்களிலும் வண்டியின் பலகணியில் ஈரநாரடைத்த உருளையொன்றைத் தொங்கவிட்டு அதே பயனை அடைந்தனர். 1940-ஆம் ஆண்டு மாதிரியாகப் பாக்கர்டு கம்பெனியார் குளிரூட்டுங் கருவியைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி விற்றனர். அதற்கு விலை 274 டாலர் அதிகம். பெட்டி வைக்கும் இடத்திற் பாதியை அஃது அடைத்துக்கொண்டது. குளிர் போதுமென்றால் நிறுத்துவதற்குப் பொத்தான் இல்லை. எஞ்சினை அணைத்து, இறங்கி, மூடியைத் திறந்து, பட்டையைக் கழற்ற வேண்டும். மக்கள் விரும்பாமையால் விரைவிலேயே அது கைவிடப்பெற்றது. கூரைக்கு மேல் மற்றொரு கூரை வைத்து இடையே காற்றை ஓடவிடும் எளிய வழியை லேண்ட்ரோவர் வண்டிகள் 1950-க்குப் பின்னர்க் கையாண்டன. கீற்றுப் பந்தலின் கீழ் ஓட்டு வீடு கட்டி வாழ்வோர்க்கு அது புதிதன்று.

எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துச் செய்தவர்களும் இடறியதுண்டு. 1946-இல் இங்கிலாந்தின் சர்ச்சில், அரேபிய மன்னர் இப்னு சவூதிற்கு ஒரு ரோல்ஸ்-ராய்ஸ் வண்டியைப் பரிசாக்கினார். பாலைவனத்திற்கென்றே அரிதின் அமைக்கப்பெற்ற வண்டி. உள்ளே மன்னர்க்கு அகன்ற ஆசனம். ஆனால் மன்னர் முன்னே வண்டியோட்டியின் அருகில் அமர்ந்து செல்லும் வழக்கமுடையவர். வண்டியின் சக்கரமோ வலப்பக்கம். அரசர் தம் வண்டியோட்டிக்கு இடப்பக்கத்தில் அமர்தல் அந்நாட்டில் இழிவு. அவர் அதனைத் தம் தம்பியாரிடம் கொடுத்துவிட்டார் என்று சொல்லுவர். வெயிலை அளந்தவர் வழக்கத்தை அளந்தாரில்லை.

வடசொல் தமிழிற் புகும்போது வடவெழுத்தை நீக்கிப் புக வேண்டும் என்று தொல்காப்பியர் விதித்தார். வண்டிக்கு அவ்விதியை எழுதியவர் யாருமிலர். ஆயினும் வண்டியோட்டிகளும் தச்சரும் கொல்லரும் அதனை நடத்தி வைத்தனர். அவர் செய்தவற்றுட் பெரும்பான்மை ஏட்டில் ஏறவில்லை. எம் குறிப்புப் புத்தகத்தில் இதுகாறும் நூற்றெழுபது சொற்கள் சேர்ந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்பதிற்குப் பாட்டனார்க்கே பொருள் மறந்துவிட்டது; அவர் தந்தையார் சொல்லக் கேட்டவை. சொல்லை எழுதிவைத்துப் பொருளுக்கு இடம் விட்டிருக்கின்றோம்.

பட்டறையின் மூலையில், தோட்டத்து வண்டியின் பித்தளை ரேடியேட்டர் இன்னும் கிடந்தது. வண்டி எப்பொழுதோ உடைபட்டுப் போயிற்று. அதை மட்டும் அவர் தந்தையார் விடவில்லை. காலி செய்யும் வேலையில், காயலான் கடைக்காரர் அதனைத் தராசில் ஏற்றி நல்ல விலை சொன்னார். பித்தளை விலை ஏறியிருக்கும் காலம். மருந்துச் செலவும் உள்ளது. எம் சிற்றப்பா கொடுத்துவிடலாம் என்றதிற் குற்றமில்லை. பாட்டனார் ஒன்றும் பேசவில்லை. எழுந்து சென்று தராசிலிருந்து அதனை இறக்கி வைத்தார். இறக்கும்போது கை நடுங்கியதால் யாமும் ஒருபுறம் பிடித்தோம். பிறகு நீர் நிரப்பிப் பார்க்கச் சொன்னார். மூன்று இடங்களில் ஒழுகுகின்றது. மஞ்சள்தூள் வாங்கி வரச் சொல்லியிருக்கின்றார்.